நல்ல முளகும் நீல டப்பாவும்

இயேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி,
புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ஆரோக்கிய பிரபுவுக்கு உன் மச்சான் மரிய ஜோசப் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா லூர்து மேரியும் ஆண்டவர் கிருபையால் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பொய்யோடு கடிதத்தைத் தொடங்கினால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். ஆகையால் எங்கள் நலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே நீயும் தங்கச்சி ஜாய்ஸும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏலத்தோட்டத்தில் இந்த வருஷம் மழை சரியாக விழுந்ததா? வண்டன்மேட்டுக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள். இதோடு விசாரிப்பு முடிந்தது. இனி என் கதைக்கு வருகிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் வாட்ஸப் இருக்கிற போன் ஒன்றுதான். அது பகலெல்லாம் உன் அக்கா கையிலும், அவள் குளிக்கப் போனால் குளியலறை ஜன்னலிலும் இருக்கிறது. என் பட்டன் போனில் கூப்பிட்டால் உன் எஸ்டேட்டில் டவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நான் கத்திப் பேச வேண்டும், கத்திப் பேசினால் அடுப்படிக்குக் கேட்கும். அதனால் கடையில் போய் நாலு முழுத்தாள் கேட்டேன். என்ன சார், கலெக்டருக்கு மனுவா என்றார் கடைக்காரர். ஏறக்குறைய அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்து, பக்கத்து வாழைக்காய்க் கிடங்கில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் அக்கா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாள். இரண்டு மாதமாக ஒன்றைக்கூடத் தொடவில்லை. பூண்டும் காந்தாரி மிளகாயும் இருக்க மாத்திரை எதற்கு என்று திரிகிறாள். நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ சொன்னால் கேட்பாள், ஏனென்றால் இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் நீதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து, அவள் கையில் மாத்திரையைக் கொடுத்து, விழுங்குகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். நடந்ததை முழுக்கச் சொன்னால்தான் நீ லீவு போடுவாய் என்று தெரியும், ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் பாடுகளின் வாசகம் வாசித்தோம் அல்லவா, அதில் நான்தான் பிலாத்து. கூட்டமாக நின்று கத்த வேண்டிய இளைஞர் மன்றத்துக்காரர்களில் ஒருவனும் வராததால் கூட்டமும் நானே ஆகிவிட்டேன். நானே கேள்வி கேட்டு, சிலுவையில் அறையும் என்று நானே கத்தி, மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு நாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்திருந்தால் அது பாட்டுக்குச் சரியாகியிருக்கும். உன் அக்காதான் உனக்குப் போன் போட்டாள். நீயும் உடனே வாட்ஸப்பில் பேசி அனுப்பினாய். அதை இந்த இரண்டு மாதத்தில் ஊரே கேட்டுவிட்டது, எனக்கு மனப்பாடம். "அக்கா, இங்கன எஸ்டேட்டு வைத்தியர் ஒருத்தர் சொன்னாக. நல்ல முளகு ரெண்டு, வெளுத்துள்ளி ஒரு பல்லு, தட்டித் தேன்ல கொழச்சு வெறும் வயித்துல மச்சானுக்குக் குடு. தொண்டை பட்டுன்னு தெறந்துரும்."

பதினோரு வருஷம் மலைக்கு மேலே இருந்ததில் உனக்குத் தமிழ் எது மலையாளம் எது என்று பிரிக்கத் தெரியாமல் போய்விட்டது, அதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உன் அக்காவுக்கு அரைகுறை மலையாளம் தெரியும் என்பதை நீ நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றுமே தெரியாதவள் என்றால் உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாள். இவளுக்கு வெளுத்துள்ளி என்றால் பூண்டு என்று தெரியும். முளகு என்றால் அங்கே மிளகாய் என்றும் தெரியும். நீ அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன சமயம் கடையில் மிளகு கேட்டு மிளகாயை வாங்கிவந்து நீங்கள் எல்லாரும் சிரித்தீர்களாமே, அதிலிருந்து அதை மறக்கவில்லை. ஆகவே நல்ல முளகு என்றால் நல்ல மிளகாய். மிளகாயில் நல்லது எது? நீயே போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பை நிறையக் கொண்டுவந்து, இதுதான் இருக்கிறதிலேயே உசத்தி என்று கொடுத்தாயே, அந்தக் காந்தாரி. கணக்கில் எங்கேயாவது தப்பு இருக்கிறதா பார். எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

நான் மின்சார வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். கம்பம் ஊரிலேயே ஒன்பது வருஷம் கம்பம் ஏறியவன். இரண்டு தடவை ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தும் மறுவாரம் வேலைக்குப் போனவன். அந்தத் தெம்பில்தான் வாயைத் திறந்தேன். தேனுக்குள் இருந்ததால் முதலில் இனித்தது. பிறகு நடந்தது எனக்குக் கோர்வையாக நினைவில்லை. நான் கொல்லைப்பக்கம் ஓடியதாகவும், பக்கத்து வீட்டு மொக்கம்மாள் எருமைக்கு வைத்திருந்த கழனித் தண்ணீர்த் தொட்டியில் முகத்தை முக்கியதாகவும், எருமை ஒதுங்கி வழிவிட்டதாகவும் மொக்கம்மாள் சொல்லித்தான் தெரியும். ஆனால் மாப்பிள்ளை, நான் எழுந்து, ஏண்டி கொலைகாரி என்று கத்தினேன் பார், குரல் கணீர் என்று வந்தது. அதுதான் என் நாசத்துக்குக் காரணம். உன் அக்கா கைகளைத் தட்டி, பாத்தீகளா, தொண்டை தெறந்துருச்சு என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தினமும் காலையில் ஒரு பல் பூண்டு, இரண்டு காந்தாரி. அவளும் பூண்டு மட்டும் ஒரு பல் விழுங்கிக்கொள்வாள். தொண்டைக்கு ஆரம்பித்தது பிறகு சளிக்கு, வாயுவுக்கு, கொழுப்புக்கு, கடைசியில் பிரஷருக்கு என்று பதவி உயர்வு பெற்றது. எனக்குக்கூட வாரியத்தில் அவ்வளவு வேகத்தில் கிடைக்கவில்லை.

பூண்டு வாசனையோடு கோயிலுக்குப் போவதைப் பற்றி நான் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன், ஆனால் மனசு ஆறவில்லை. நாங்கள் உட்காரும் வரிசை ஒவ்வொரு ஞாயிறும் காலியாகிக்கொண்டே வந்து, இப்போது அந்தப் பகுதியில் நாங்களும் சூசையப்பர் சுரூபமும் மட்டும் இருக்கிறோம். சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் தூரத்தில் நின்று கும்பிடுகிறார்கள். நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டினால் பங்குச்சாமி மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. முதல் வாசகம் வாசித்துவிட்டு நான் இறங்கிய பிறகு, இரண்டாம் வாசகத்துக்கு ஏறிய ஜெனிபர் டீச்சர் மைக்கைக் கைக்குட்டையால் துடைத்தார்கள். துடைத்ததோடு விடாமல் அந்தக் கைக்குட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மாத வாசகர் பட்டியல் ஒட்டினார்கள், அதில் என் பெயர் இல்லை. பதினெட்டு வருஷமாக வாசிக்கிறேன். ஏன் சாமி என்று கேட்டதற்கு, கொஞ்சம் ஓய்வு எடுங்களேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் உன் அக்கா, "சாமிக்குச் சளி புடிச்சிருக்கு, மூக்கால பேசுறாக. நாளைக்கு அவுகளுக்கும் தேன்ல பூடும் காந்தாரியும் ஒரு பாட்டில் போட்டுக் குடுக்கணும்" என்றாள். கொடுத்தும் விட்டாள்.

இதற்குள் உன் அக்காவுக்கு வெளிநோயாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். மொக்கம்மாளின் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தபோது பூண்டைத் தட்டித் தவிட்டில் கலந்து வைக்கச் சொன்னாள். ஏழு கோழியில் ஆறு பிழைத்தது. தானாகப் பிழைத்திருக்கும் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. செத்த ஏழாவது கோழி சரியாகச் சாப்பிடவில்லையாம். ஆட்டோ ஓட்டும் ஒச்சாண்டி ஒற்றைத் தலைவலி என்று வந்தான். பச்சைப் பூண்டை அரைத்து நெற்றியில் வட்டமாகப் பற்றுப் போட்டாள், அவன் அப்படியே உத்தமபாளையத்துக்குச் சவாரி போய்விட்டான். திரும்பி வந்து கழுவினால் தோல் வெந்து, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக நிற்கிறது. தலைவலி போயிற்றா என்றால், இந்த எரிச்சலில் தலைவலி இருக்கிறதா என்றே தெரியவில்லை என்கிறான். அவன் பெண்டாட்டி எங்கள் வாசலில் வந்து நின்று பேசிய பேச்சை இந்தத் தாளில் எழுத முடியாது. அதெல்லாம் எனக்கு. உன் அக்கா அப்போது அடுப்படியில் அடுத்த பாட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூட்டு வலி என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லை. நாற்காலியிலிருந்து எழும்போது அப்பாடா என்றேன், அவ்வளவுதான். காந்தாரியை நல்லெண்ணெயில் பத்து நாள் ஊறவைத்த தைலம் தயாராக இருந்தது. இரண்டு முட்டியிலும் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். சுகமாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். அன்றைக்குப் பார்த்து நான் பென்ஷன் விஷயமாகச் சின்னமனூர் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தேன். எண்ணெய் வேட்டியில் ஊறி, வேட்டி வழியாக மேலே ஏற ஆரம்பித்தது. எங்கே போய்ச் சேர்ந்தது என்று நீயே யூகித்துக்கொள், நான் வயதில் மூத்தவன். எழுந்து நின்றேன். பஸ்ஸில் பாதிக்கு மேல் சீட் காலி. உக்காருங்க ஐயா என்று கண்டக்டர் மூன்று தடவை சொன்னார். வழியில் ஒரு வாய்க்கால் தெரிந்ததும் விசில் அடிக்கச் சொல்லி இறங்கி, சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றேன். என்னோடு வேலை பார்த்த மார்க்கையன்கோட்டை அய்யாத்துரை அப்போதுதானா அந்தக் கரையில் மோட்டார் பைக்கில் வர வேண்டும்? வண்டியை நிறுத்தி, அரை நிமிஷம் பார்த்துவிட்டு, என்னண்ணே இங்கன நிக்கிறீக என்றான். சும்மாதான் என்றேன். ரிடையர் ஆனவர்களுக்கு இப்படி ஆகும் என்று அவன் சின்னமனூர் ஆபீஸில் போய்ச் சொல்லியிருக்கிறான். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் மெதுவாகப் பேசுகிறார்கள்.

இனிமேல்தான் உன் பங்கு வருகிறது. நீ கொடுத்த காந்தாரி தீர்ந்துபோய், குமுளிக்குப் போய் வாங்கிவரச் சொன்னாள். காந்தாரி என்று கேட்டால் பழசைத் தள்ளிவிடுவார்கள், நல்ல முளகு என்று அவர்கள் பாஷையிலேயே கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து கறுப்பாக உருண்டை உருண்டையாக அள்ளித் தராசில் போட்டார். ஐயா, நான் கேட்டது நல்ல முளகு என்றேன். "சேட்டா, இதாணு நல்ல முளகு" என்றார். இது மிளகு என்றேன். "அதெ, அதாணு" என்றார். பக்கத்துக் கடைக்காரரும் வந்தார், ஒரு ஜீப் டிரைவரும் வந்தார், எல்லாரும் ஒரே வாக்காகச் சொல்லிவிட்டார்கள். மலையாளத்தில் வெறும் முளகு என்றால் மிளகாயாம். நல்ல முளகு என்றால் நம் மிளகாம். உன் வைத்தியர் என் தொண்டைக்குச் சொன்னது இரண்டு மிளகு. இரண்டே இரண்டு மிளகு, மாப்பிள்ளை! ரசத்தில் போடுகிறோமே, அது. கடைக்கு முன்னாலிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தேழு நாளில் தொண்ணூற்று நாலு காந்தாரி தின்றிருக்கிறேன். ஜீப் டிரைவர்தான் சோடா வாங்கிக் கொடுத்தார்.

இறங்குகிற வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம், இன்றோடு ஒழிந்தது என்று. வீட்டுக்கு வந்து மிளகுப் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்து, இதுதான் உன் நல்ல முளகு என்றேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். "வைத்தியர் சொன்னபடி மிளகு தின்னுருந்தா தொண்டை மட்டுந்தான சரியாயிருக்கும்" என்றாள். "எனக்குப் பிரஷரும்ல கொறஞ்சிருக்கு. போன மாசம் நர்சம்மா பாத்துட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாக." சொல்லிவிட்டு அந்த மிளகை அள்ளி ரச டப்பாவில் போட்டுவிட்டாள்.

இப்போது கவனமாக வாசி. பங்குக் கோயிலில் மருத்துவ முகாம் நடந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் பிரஷர் இருக்கிறது என்றார்கள். எனக்குக் கொஞ்சம் கூடவே காட்டியது, வெயிலில் வரிசையில் நின்ற களைப்பு. அதன் பிறகு மாதாமாதம் நர்ஸ் பாண்டீஸ்வரி வீட்டுக்கே வந்து மாத்திரையைக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறாள். நல்ல பிள்ளை, ஆனால் எப்போதும் அவசரம். போன மாதம் அவள் வந்தபோது நான் வீட்டில் இல்லை. குளிர்பெட்டி மேல் ஒரு நீல டப்பா இருக்கிறது, மாத்திரை எல்லாம் அதில்தான். எனக்கென்று உன் அக்கா உறையைப் பிரித்துக் கொட்டிவைத்திருக்கும் பெரிய வெள்ளை மாத்திரையை அதிலிருந்து எடுத்து, காலையில் பூண்டு அபிஷேகம் முடிந்ததும் ஒரு நாள் தவறாமல் போடுகிறேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. வாரியத்தில் மீட்டர் ரீடிங்கே ஒரு நாள் தள்ளி எடுத்ததில்லை. ஆனால் அதே டப்பாவில் இரண்டு காகித உறை, இரண்டிலும் பேனாவால் மரி என்று எழுதியிருக்கிறது. இரண்டும் பிரிக்கப்படவே இல்லை. பின் அடித்தது அடித்தபடி இருக்கிறது. ஒரு மாதத்து மாத்திரை ஓர் உறையில், அப்படி இரண்டு உறை. எண்ணிப் பார்க்கக் கை வரவில்லை.

மாத்திரை போடுகிறாயா இல்லையா என்று நேரடியாகவே கேட்டேன். "மாத்திரை எதுக்கு, அதான் பூடு இருக்குல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இதில் வேறு ஒன்று, பிரஷர் மாத்திரையைத் தொடாதவள், தேனி எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை மட்டும் இரண்டிரண்டாக விழுங்குகிறாள் போலிருக்கிறது. அவளே வாங்கி வைப்பது பாதி மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. கேட்டால், எலி தூக்கிக்கொண்டு போகிறதோ என்னவோ என்கிறாள். எலிக்கு எதற்கு எலும்பு வலு? இவள் போக்கே எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் கவலையிலும் பூண்டு நெடியிலும் எனக்கும் இரண்டு வாரமாகப் பிடரி வலிக்கிறது. குனிந்து நிமிர்ந்தால் கிறுகிறு என்று வருகிறது. நேற்று குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டில் மூச்சு விட்டால் யாருக்கும் வரும்.

மாப்பிள்ளை, இவ்வளவு நேரம் நான் எழுதியதை நீ வாசித்துச் சிரித்திருப்பாய், சிரி. ஆனால் உன் அப்பாவை நினைத்துப் பார். மாதா திருவிழாக் கொடியேற்றத்தன்று கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தாரே. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றினபோது பையில் அந்த வார மாத்திரை முழுக்க அப்படியே இருந்ததை உன் அக்காதான் வெளியே எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற நிற்பை நான் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்டவள் இன்றைக்கு இப்படிச் செய்கிறாளே என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. தினமும் காலையில் அவள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானால் நான் போய் மூக்குக்கு நேராக விரலை வைத்துப் பார்க்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வா. நான் கடிதம் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம், தற்செயலாக வந்ததுபோல் வா. தங்கச்சி ஜாய்ஸுக்கு என் அன்பு. மருமக்கள் இருவருக்கும் ஆண்டவருடைய ஆசீரும் மாதாவின் பாதுகாப்பும் இருக்கட்டும், அவர்களுக்குச் சளி பிடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. உன் வைத்தியருக்கும் என் வணக்கத்தைச் சொல். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மச்சான்,
ம. மரிய ஜோசப்,
மின்பாதை ஆய்வாளர் (ஓய்வு).

பின்குறிப்பு, திங்கட்கிழமை: மேலே கண்ட கடிதத்தைப் புதன்கிழமையே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். உன் எஸ்டேட்டின் பின்கோடு தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்த நான், அதைப் போய் உன் அக்காவிடமே கேட்டேன். தம்பிக்கு எதுக்கு கடுதாசி என்று கையிலிருந்து வாங்கி, பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு நாலு தாளையும் நின்றபடியே வாசித்தாள். நான் வாசல் பக்கம் செருப்பைத் தேடினேன். வாசித்து முடித்தவள் உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்து ஓர் உறையை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள். அதில் லூர்து என்று எழுதியிருந்தது. உள்ளே இந்த மாதத்துக்கு மிச்சம் எட்டு மாத்திரை இருந்தது. அவள் ஒரு நாள்கூட விடவில்லையாம், அன்றைக்குப் பூடு இருக்குல்ல என்றது கேலிக்காம், சமையல்காரி மாத்திரையைச் சமையல் கட்டில் வைத்துத்தானே போடுவாள் என்றாள். அப்புறம் நீல டப்பாவைத் திறந்து, பிரிக்காத உறைகளை எடுத்து, இது யார் பேர் என்று கேட்டாள்.

"மரி" என்றேன்.

"மரின்னா?"

"மாதா. மேரி. நீதான்."

"நர்சம்மா வருசா வருசம் வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்குறவுக. அவுகளுக்கு மரின்னா மரிய ஜோசப்பு" என்றாள்.

எல்லாக் கடிதத்துக்கும் மேலே இயேசு மரி சூசை என்று எழுதிப் பழகியவன் வேறு எப்படி வாசிப்பான், சொல். அப்படியென்றால் நான் தினமும் போட்ட பெரிய வெள்ளை மாத்திரை எது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எலி நான்தான். இரண்டு மாதமாக உன் அக்காவின் முட்டிக்கு எழுதிக் கொடுத்த கால்சியத்தைத் தின்றிருக்கிறேன். அவள் சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நின்ற அதே மாதிரி நின்றாள். "எங்கப்பா மாதிரியே பண்ணிட்டீகளே" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகாமில் என் அளவு கூட இருந்ததைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு உள்ளுக்குள் பயமாம். மாத்திரையை நான் ஒழுங்காகப் போடுகிறேன் என்றுதான் நம்பியிருந்தாளாம், அது போக இதுவும் கொஞ்சம் இருக்கட்டும் என்றுதான் பூண்டும் காந்தாரியும் கொடுத்தாளாம். டப்பாவில் உறையைப் பார்த்தும், நான் ஸ்டாக் வைத்திருக்கிறேன் என்று நினைத்தாளாம்.

பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டு வரவழைத்தாள். உன் அக்காவுக்கு நூற்று முப்பது. எனக்கு நூற்றுத் தொண்ணூறு. ஒச்சாண்டி, அந்த நெற்றித் தழும்போடு, என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், வழியெல்லாம் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டர், தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தார், உன் அக்கா மேலே சொல்ல விடவில்லை. பிடரி வலி போய்விட்டது. அதுவும் பூண்டு நெடி இல்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். பாண்டீஸ்வரி இனிமேல் உறையில் முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே நாலு தாளிலும் மாத்திரை போடாத ஆள் உன் அக்கா என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் மச்சான் என்று திருத்தி வாசித்துக்கொள். மற்ற இடங்களில் அப்படியே இருக்கட்டும், தொண்ணூற்று நாலு காந்தாரி தின்றது தின்றதுதான். இப்போது காலையில் உன் அக்கா முன்னால் நின்று மாத்திரையை விழுங்கி, நாக்கைத் தூக்கி, வாயை ஆவென்று திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள் பூண்டைக் கொடுத்துவிட்டு, அதன் மேல் மாத்திரையைக் கொடுத்து, கிட்டே வந்து குனிந்து உள்ளே பார்த்தாள். பார்த்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள். அன்றோடு பூண்டு நின்றது.